பட்ஜெட்ல சொன்ன காசு நம்ம தெருவுக்கு வருதான்னு பாக்குறது எப்படி?

சட்டசபையில பட்ஜெட் வாசிச்சு முடிச்சதும் "சென்னைக்கு இத்தன கோடியாம்"னு எல்லாரும் பேசுவாங்க, அதுல நம்ம தெரு எங்க இருக்குன்னு கேட்டா ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. கண்டுபிடிக்கலாம், கொஞ்சம் பேப்பர் புரட்டணும் அவ்ளோதான்.

மொதல்ல ரோடு யாரோடதுன்னு பாருங்க. உள்தெருவும் பெரும்பாலான பஸ் ரூட் ரோடும் மாநகராட்சி, சில பெரிய ரோடு நெடுஞ்சாலைத் துறை, அடியில போற பாதாளச் சாக்கடை மெட்ரோவாட்டர் (சென்னைக் குடிநீர் வாரியம்), ஓரத்துல இருக்குற மழைநீர் வடிகால் திரும்ப மாநகராட்சி. ஒரே பள்ளத்துக்கு மூணு கல்லாப்பெட்டி! இது தெரியாம கவுன்சிலர்கிட்ட போனா "அது எங்க லிமிட் இல்லங்க"ன்னு அனுப்பிடுவாங்க, பல நேரம் அது உண்மையும்கூட.

மாநகராட்சி ரோடுன்னா அடுத்து காசு எங்கேர்ந்து வருதுன்னு பாக்கணும், இங்கதான் மேட்டரே இருக்கு. சொத்து வரி, தொழில் வரி சொந்தக் காசு. அது போக மாநில அரசு தன்னோட சொந்த வரி வருமானத்துல ஒரு பங்க உள்ளாட்சிகளுக்குப் பிரிச்சுத் தரும், 5வது மாநில நிதி ஆணையம் சொன்னது 10%. பங்கு சதவீதக் கணக்குங்கறதால அரசோட வரி வசூல் படுத்துச்சுன்னா இதுவும் சேர்ந்து படுத்துடும். வீடு, மனை பத்திரம் பதியும்போது நாம கட்டுற 2% கூடுதல் வரியும் உள்ளாட்சிக்குத்தான், ரியல் எஸ்டேட் டல்லானா அதுவும் கொறையும். 2022ல சொத்து வரிய ஏத்துனதுக்கு ஒரு காரணம் 15வது மத்திய நிதி ஆணையம் போட்ட கண்டிஷன், அத செய்யலன்னா அந்த ஆணையம் சொன்ன மத்திய அரசு மானியம் கட் ஆகியிருக்கும்.

மூணாவது திட்டக் காசு. சிங்காரச் சென்னை 2.0 (நகரத்த மேம்படுத்துற மாநில அரசுத் திட்டம்) மாதிரி ஸ்கீம்ல வர்றத இஷ்டத்துக்கு வேற வேலைக்கு மாத்த முடியாது. வடக்க கொசஸ்தலையாறு பக்க வடிகாலுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி கடன், தெக்க கோவளம் பக்கத்துக்கு ஜெர்மன் வங்கி கடன். பக்கத்து ஏரியாவுல புது வடிகால் வந்து நமக்கு வரலன்னா, பாதி நேரம் காரணம் இந்த எல்லைக்கோடுதான், கவுன்சிலர திட்டி பிரயோஜனம் இல்ல.

இப்ப பேப்பர். பட்ஜெட் உரைய விடுங்க, அதுல கைதட்டல்தான் ஜாஸ்தி. மானியக் கோரிக்கைன்னா ஒவ்வொரு துறையும் சட்டசபையில கேக்குற செலவுக் கணக்கு; அதுல எண் 34, நகராட்சி நிர்வாகத் துறை, அந்தப் புத்தகத்தையும் துறையோட திட்டங்கள விளக்குற கொள்கை விளக்கக் குறிப்பையும் எடுங்க. போன வருஷத்துக்கு பட்ஜெட்ல போட்ட மதிப்பீடு எவ்ளோ, அப்புறமா மாத்திப் போட்ட திருத்திய மதிப்பீடு எவ்ளோன்னு ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, ரெண்டாவது பாதியா கொறஞ்சிருந்தா அந்தத் திட்டம் நொண்டுதுன்னு அர்த்தம். அறிவிப்பு வந்தா மட்டும் வேல நடக்காது, அரசாணை, டெண்டர், வொர்க் ஆர்டர்னு வரிசையா வரணும், இதுக்குள்ள ஐப்பசி மழை வந்துட்டா ரோடு வெட்டவே விட மாட்டாங்க, அப்புறம் பொங்கல் கழிச்சுதான்.

வேல நடக்குற எடத்துல ஒரு போர்டு வெச்சிருந்தா போட்டோ எடுத்துக்கோங்க. திட்டத்து பேரு, மதிப்பீட்டுத் தொகை, காண்ட்ராக்டர், முடிக்க வேண்டிய தேதி எல்லாம் அதுலயே இருக்கும். போர்டே இல்லன்னா மண்டல அலுவலக பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்க. "ஏன் ரோடு போடல"ன்னு கேக்காதீங்க, மழுப்பிடுவாங்க. "இந்தத் தெருவுக்கு எந்த நிதித் தலைப்புல எவ்ளோ ஒதுக்குனீங்க, எவ்ளோ செலவாச்சு, வொர்க் ஆர்டர் நகல் குடுங்க"ன்னு கேளுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதுக்கு ஃபீஸ் கெடையாது.