உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்: துணி நீண்ட நாள் உழைக்க ஒரு செய்முறை

கடையில் ஒரு சட்டையைக் கையில் எடுத்ததும் நிறத்தைப் பார்ப்போம், விலையைப் பார்ப்போம், கண்ணாடி முன் நின்று மேலே வைத்துப் பார்ப்போம். உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு. நானும் பல வருடம் பார்த்ததில்லை. நான்கு தடவை துவைத்ததும் தொளதொளத்துப் போன சட்டைகளுக்குப் பிறகுதான் அந்தப் பழக்கம் வந்தது. வாங்கும்போது மட்டுமில்லை, துவைக்கும்போது, காயப்போடும்போது, கிழிசலைத் தைக்கும்போதும் துணியின் உள்பக்கத்தில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

படி 1: வாங்குமுன் சோதனை

உடையைத் திருப்பிப் பக்கவாட்டுத் தையலைக் கண்டுபிடியுங்கள். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுங்கள். தையல் பல்லிளித்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து, ஒரு அங்குல நீளத்தில் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று எண்ணுங்கள். சட்டைக்கு 10, 12 இருந்தால் நல்லது. 6, 7 தான் என்றால் அவசரத்தில் ஓட்டிய தையல்.

தையலுக்கு உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். கொஞ்சம் தாராளமாக இருந்தால் பின்னால் பிரித்துப் பெரிதாக்கலாம். ஓரத்தை ஒட்ட வெட்டி, நூல் பிரியாமலிருக்க ஓரத்தைச் சுற்றி அடிக்கும் ஓவர்லாக் தையல் மட்டும் அடித்திருந்தால் அந்த வழி கிடையாது. காஜாவில் நூல் பிசிறு தொங்குகிறதா, பட்டனை லேசாக ஆட்டினால் ஆடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

டி-ஷர்ட் என்றால் இன்னொரு சோதனை உண்டு. தோள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். பக்கத் தையல் நேராக இறங்க வேண்டும். முன்பக்கமாகத் திருகிக்கொண்டு வந்தால், துவைக்கத் துவைக்க இன்னும் திருகும். எந்த இஸ்திரியும் அதைச் சரிசெய்யாது.

துணியைப் பற்றி ஒரு வார்த்தை. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில் சின்னச் சின்னப் பஞ்சு உருண்டைகள் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தனிப் பருத்தியிலும் உருண்டை வரும், ஆனால் இழை அறுந்து உதிர்ந்துவிடும். பாலியெஸ்டர் இழை வலுவானது. உருண்டையை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்காகக் கலப்பே மோசம் என்று ஒதுக்க வேண்டாம். காலுறையில் கொஞ்சம் நைலான் கலந்திருந்தால் குதிகால் சீக்கிரம் ஓட்டையாகாது.

படி 2: லேபிளைப் படியுங்கள்

உரசுகிறது என்று அதை வெட்டி எறிபவர்களில் நானும் ஒருவன். வெட்டுமுன் ஒரு போட்டோவாவது எடுத்து வையுங்கள். தொட்டி போன்ற படத்துக்குள் 30, 40 என்று இருப்பது தண்ணீரின் அதிகபட்சச் சூடு, செல்சியஸில். தொட்டிக்குள் கை இருந்தால் கையால்தான் துவைக்க வேண்டும். தொட்டியின் கீழே கோடு இருந்தால் மென்மையான சுற்று. முக்கோணம் ப்ளீச், அதன் மேல் பெருக்கல் குறி இருந்தால் ப்ளீச் கூடாது. சதுரத்துக்குள் வட்டம் என்பது உலர்த்தும் இயந்திரம். இஸ்திரிப்பெட்டிப் படத்தில் ஒரு புள்ளி என்றால் குறைந்த சூடு, மூன்று என்றால் அதிகச் சூடு.

படி 3: குறைவாகத் துவையுங்கள்

உள்ளாடை, காலுறை, வியர்வையில் நனைந்தவை ஆகியவற்றை உடனே துவைக்கத்தான் வேண்டும். ஜீன்ஸையும் ஸ்வெட்டரையும் ஒவ்வொரு தடவை உடுத்திய பிறகும் துவைக்க வேண்டியதில்லை. காற்றோட்டமாக ஓர் இரவு தொங்கவிட்டாலே பல நாள் போதும்.

படி 4: துவைக்கும் விதம்

உடையை உள்பக்கம் திருப்புங்கள். இயந்திரத்தில் துணிகள் ஒன்றோடொன்று உரசும்போது, தேய்வது வெளியே தெரியாத பக்கமாக இருக்கட்டும். ஜிப்பை மூடிவிடுங்கள், திறந்திருந்தால் அதன் பல் பக்கத்துத் துணியைக் கடிக்கும். பட்டன் அதற்கு நேரெதிர்: கழற்றிவிடுங்கள். போட்டபடி சுழன்றால் காஜாவும் பட்டன் நூலும் இழுபடும். இயந்திரத்தைத் திணித்து நிரப்பாதீர்கள்; துணிக்கு மேலே ஒரு கை நுழைய இடம் வேண்டும். சலவைத்தூளையும் அள்ளிக் கொட்ட வேண்டாம். அலசிப் போகாத தூள் துணியிலேயே தங்கி அதை விறைப்பாக்கும், அழுக்கையும் பிடித்து வைக்கும்.

சாதாரண அழுக்குக்கு 30 டிகிரி போதும். எனக்குப் பிடித்த கம்பளி ஸ்வெட்டர் ஒன்றை வெந்நீரில் போட்டுக் கசக்கினேன். எடுத்துப் பார்த்தால் பொம்மைக்குப் போடும் அளவு! கம்பளி இழையின் மேல் மீன் செதில் போல நுண்ணிய அடுக்குகள் உண்டு. ஈரமும் சூடும் உரசலும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டி இறுகிவிடும், அப்புறம் பிரியாது. கம்பளியும் பட்டும் புரதம். கறை நீக்க என்சைம் சேர்த்த தூள்களில் புரதத்தை அரிக்கும் வகையும் உண்டு. எனவே இந்த இரண்டுக்கும் அதற்கென்று விற்கும் திரவம்தான்.

புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில்தான் உப்புக்கு வேலை. ஏற்றி முடித்த துணியில் அது சாயத்தை நிரந்தரமாகப் பிடித்து நிறுத்தாது. ஈர வெள்ளைத்துணியால் உள்பக்கத் தையலோரம் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் முதல் சில தடவை தனியாகத் துவையுங்கள்.

படி 5: கறை

தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ரத்தம், பால், முட்டை போன்றவற்றுக்குக் குளிர்ந்த தண்ணீர். வெந்நீர் பட்டால் புரதம் இறுகி இழையிலேயே ஒட்டிக்கொள்ளும். எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு. அக்குளில் வரும் மஞ்சள் கறை பெரும்பாலும் வியர்வைத் தடுப்பானில் உள்ள அலுமினிய உப்பும் வியர்வையும் சேர்ந்து வருவது. குளோரின் ப்ளீச் ஊற்றினால் மஞ்சள் கூடத்தான் செய்யும். வெள்ளைப் பருத்தி என்றால் ஆக்ஸிஜன் ப்ளீச் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பாருங்கள். கறை போகாத துணியை மட்டும் இஸ்திரி போட்டுவிடாதீர்கள்.

படி 6: காயவைத்தல்

வெயில் சாயத்தைத் தின்னும். நிழலில், உள்பக்கம் வெளியே இருக்கும்படி காயப்போடுங்கள். கனமான ஸ்வெட்டரைக் கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் பாரத்தில் நீண்டுவிடும். துண்டின் மேல் விரித்துப் போடுங்கள். உலர்த்தும் இயந்திரத்தின் வலையில் சேரும் பஞ்சு எங்கிருந்து வருகிறது? எல்லாம் உங்கள் துணியிலிருந்து தேய்ந்து வந்ததுதான். இழுபடும் துணிகளில் இருக்கும் எலாஸ்டேன் இழைக்கும் அதிகச் சூடு ஆகாது. முழங்காலில் தொங்கிப்போன பேன்ட்டுகளுக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

படி 7: எடுத்து வைத்தல்

துவைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே வையுங்கள். கம்பளியை அரிப்பது பறக்கும் அந்துப்பூச்சி இல்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் இருக்கிற இடத்தைத்தான் அது முதலில் தேடும். அந்துருண்டையின் ஆவி உடம்புக்கு நல்லதல்ல, எனக்கு அதில் சம்மதம் இல்லை. பூச்சி வந்துவிட்டால் துணியைப் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள்.

படி 8: பட்டன் தைப்பது

ஆட ஆரம்பித்த அன்றே தைத்துவிடுங்கள். விழுந்த பிறகு அதே மாதிரி பட்டன் தேடி அலைவது பெரிய வேலை.

நூலை இரட்டையாகக் கோத்து நுனியில் முடிச்சிடுங்கள். பழைய நூல் இருந்த இடத்தில் உள்பக்கத்திலிருந்து ஊசியை ஏற்றுங்கள். பட்டனை வைத்து, அதன் மேல் குறுக்காக ஒரு தீக்குச்சியை வையுங்கள். குச்சியின் மேலாக, ஒவ்வொரு ஜோடித் துளையிலும் மூன்று நான்கு தடவை தையுங்கள். குச்சியை உருவினால் பட்டன் கொஞ்சம் தளர்வாக நிற்கும். அந்தத் தளர்வு வேண்டும். காஜாத் துணியின் கனத்துக்கு அதுதான் இடம். ஊசியைப் பட்டனுக்கும் துணிக்கும் நடுவே கொண்டுவந்து நூலை ஐந்தாறு சுற்றுச் சுற்றி, உள்பக்கம் இறக்கி முடிச்சிடுங்கள்.

பிரிந்த தையலையும் இப்படியே உள்பக்கத்திலிருந்து, ஒரு விரல் நீளம் இருக்கும்போதே பிடித்துவிடுங்கள். ஜீன்ஸில் தொடை உரசும் இடம் மெலிந்தால், ஓட்டை விழுமுன் உள்ளே ஒரு துண்டுத்துணி வைத்துத் தைத்துவிடலாம்.

என்ன செய்தும் ஒரு நாள் அந்தச் சட்டை துடைக்கிற துணியாகத்தான் போகும். கிழிக்குமுன் பட்டன்களை வெட்டி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த சட்டைக்கு ஆகும்.