மலையில் பழைய ஜீப், லாரி சீரமைக்கப் புதுக் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேத்தி, கோத்தகிரி பக்கம் கேரட்டும் தேயிலைக் கொழுந்தும் சுமந்து ஓய்ந்த பழைய ஜீப்போ லாரியோ பல வீடுகளின் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் நிற்கிறது. அதை எழுப்பிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் முதல் வேலையாகக் கோயம்புத்தூர் போய், அல்லது ஆன்லைனில், மொத்தக் கருவிகளையும் ஒரே மூச்சில் வாங்கிவிடுகிறார்கள். கருவிகளில் பெரிய குறை இருப்பதில்லை. ஆனால் சமமான சிமென்ட் தரை, காய்ந்த காற்று, சீரான கரண்ட் இருக்கும் இடத்தை மனதில் வைத்துத்தான் அவற்றைச் செய்கிறார்கள். நம் முற்றம் சரிவு, தரை செம்மண், காற்று ஈரம்.

ஜாக்கி: சரிவில்தான் ஆபத்து

டிராலி ஜாக்கி பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்குவது முதல் தவறு. அதன் கை நேராக மேலே போவதில்லை, வில் போல வளைந்து ஏறும். தூக்கத் தூக்க ஜாக்கி தன் சக்கரத்தில் சற்று உருண்டு வண்டிக்கு அடியில் நகர வேண்டும். மழை பெய்த செம்மண்ணில் சக்கரம் புதைந்துவிடும், ஜாக்கி நகராது. அப்போது அதன் தலை ஆக்ஸிலைப் பக்கவாட்டில் இழுத்து வழுக்கும். மண் முற்றத்துக்கு பாட்டில் ஜாக்கிதான் சரி. அதையும் ஒன்றரை அடிச் சதுரம், இரண்டு அங்குல கனமுள்ள கெட்டியான பலகை மேல் செங்குத்தாக வைக்க வேண்டும். ஜாக்கி ஸ்டாண்டின் கால்களுக்கும் அதே பலகை. ஸ்டாண்டுக்குப் பதில் ஹாலோ பிளாக் அடுக்குவது கூடவே கூடாது. அது நசுங்கி எச்சரிக்காது, ஒரே நொடியில் உடையும்.

இதைவிடப் பலருக்குத் தெரியாத விஷயம் ஹேண்ட் பிரேக். அமெரிக்க வில்லிஸ் கம்பெனி வழி வந்த பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் ஒரு டிரம்மில் இருக்கிறது, அது பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு பின் சக்கரத்தைத் தூக்கினீர்கள் என்றால், ஷாஃப்ட் அசையாமல் நின்றாலும் இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் உள்ள சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி சரிவில் இறங்கத் தொடங்கும். முதல் கியரில் போட்டு வைப்பதும் இதே காரணத்தால் பயன் தராது. ஃபோர் வீலில் போட்டால் முன் சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். தரையில் நிற்கும் எல்லாச் சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்ட பிறகே ஜாக்கியில் கை வைக்க வேண்டும்.

ஸ்பேனர் செட்: எல்லாம் மில்லிமீட்டர் இல்லை

புது சாக்கெட் செட் வாங்குபவர்கள் 8 முதல் 32 வரை மில்லிமீட்டர் செட் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். மஹிந்திரா 1947-ல் வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. அந்த வம்ச வண்டிகளின் சேஸிஸ், ஆக்ஸில் நட்டுகள் அங்குல அளவு. அதே வண்டியில் பின்னால் பூஜோ வடிவமைப்பு டீசல் இன்ஜின் வந்திருந்தால் இன்ஜின் மட்டும் மில்லிமீட்டர். பிரிட்டிஷ் லேலண்ட் வழி வந்த பழைய லாரிகளில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவும் வரும். டாடா லாரிகள் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டில் 1954-லிருந்து வந்தவை, அவற்றில் மில்லிமீட்டர் போதும்.

அரை அங்குல நட் 12.7 மி.மீ. அதில் 13 மாட்டினால் உட்காருவது போலத்தான் இருக்கும். முப்பது வருடத் துருவோடு அதை அழுத்தித் திருப்பினால் மூலைகள் மழுங்கி நட் உருண்டுவிடும், பிறகு கிரைண்டர்தான் கதி. 3/4 அங்குலம் 19.05 மி.மீ., அதற்கு 19 சரியாக உட்காரும். அந்தப் பழக்கத்தில்தான் எல்லாவற்றுக்கும் மில்லிமீட்டர் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். 9/16 அங்குலம் 14.29, அதற்கு 14 நுழையாது, 15 ஆடும். விட்வொர்த்தில் இன்னொரு குழப்பம்: ஸ்பேனரில் எழுதியிருப்பது நட்டின் அகலம் இல்லை, போல்ட்டின் தடிமன். 5/16 விட்வொர்த் என்று போட்ட ஸ்பேனரின் வாய் 15.2 மி.மீ. வாங்கும் முன் வெர்னியர் கேலிப்பர் வைத்துப் பத்து நட்டை அளந்து எழுதிக்கொண்டு போங்கள். பழைய நட்டுக்குப் பன்னிரண்டு முனை சாக்கெட் வேண்டாம், ஆறு முனைதான் மூலையை மழுக்காது.

அடித்து அடித்து நட்டைச் சுழற்றும் துப்பாக்கியான இம்பேக்ட் ரெஞ்ச் வந்த உற்சாகத்தில் ஒடிவது இடப்பக்க வீல் ஸ்டட். பழைய ஜீப்களில் அந்தப் பக்கம் எதிர் மரை. நட்டிலோ ஸ்டட் முனையிலோ ‘எல்’ எழுத்து அடித்திருக்கும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தால் தெரியும். தெரியாமல் கழற்றும் திசை என்று நினைத்துத் துப்பாக்கியை அழுத்தினால் நட் இறுகிக்கொண்டே போய் ஸ்டட் முறியும்.

நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சில் வரும் தவறு கணக்குத் தவறு. புது ரெஞ்ச் நியூட்டன் மீட்டரில் இருக்கும், பழைய மேனுவல் பவுண்டு-அடியிலோ கிலோகிராம்-மீட்டரிலோ சொல்லும். 60 பவுண்டு-அடி என்பது 81 நியூட்டன் மீட்டர். 60-லேயே நிறுத்தினால் ஹெட் போல்ட் கால் பங்கு தளர்வாக நிற்கும். கிலோகிராம்-மீட்டர் என்றால் 9.8-ஆல் பெருக்க வேண்டும். நட் கழற்ற இந்த ரெஞ்சைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வையுங்கள்.

வெல்டிங் மெஷினும் ஒயரும்

மெஷின் மேல் 200 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். பாடி, தொட்டி வேலைக்கு 2.5 மி.மீ. தடிமன், 6013 வகை வெல்டிங் ராடில் 70 முதல் 90 ஆம்பியர் போதும். வீட்டு 16 ஆம்பியர் சாக்கெட்டும் ஏறக்குறைய அதோடு சரி. கெடுப்பது எக்ஸ்டென்ஷன் ஒயர். வீட்டிலிருந்து ஷெட்டுக்கு 30 மீட்டர், 1 சதுர மி.மீ. செம்பு ஒயர் என்றால், 20 ஆம்பியர் இழுக்கும்போது ஒயரிலேயே 21 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகும். 4 சதுர மி.மீ. போட்டால் இழப்பு ஐந்தரை வோல்ட். சாயங்காலம் வோல்டேஜ் ஏற்கெனவே இறங்கியிருக்கும் ஊரில் இந்த வித்தியாசம்தான் ராடு ஒட்டுவதற்கும் ஓடுவதற்கும் உள்ள வித்தியாசம். ரோலில் சுற்றி வைத்தபடியே ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும், முழுவதும் பிரித்துப் போடுங்கள். ஈரத் தரையில், கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் வேலை வேண்டாம்.

ராடுக்குப் பதில் ஒயர் ஓடும் ‘மிக்’ வெல்டிங் மெஷினில் கேஸ் இல்லாத வகை திறந்த ஷெட்டுக்கு நல்ல தேர்வு, மலைக் காற்று கேஸை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால். ஆனால் அதற்கான, உள்ளே பொடி நிரப்பிய ஃப்ளக்ஸ் ஒயர் போடும்போது டார்ச்சை நெகட்டிவ் பக்கம் மாற்ற வேண்டும். இதை மாற்றாமல் தீப்பொறி தெறிக்கிறது, பிடிக்கவில்லை என்று மெஷினைத் திருப்பி அனுப்புகிறவர்கள் உண்டு. ராடு பாக்கெட்டைப் பிரித்தபடி ஷெட்டில் விட்டால் ஈரம் குடித்துவிடும். ஒரு தகரப் பெட்டியில் 40 வாட் குண்டு பல்பை எரியவிட்டு அதில் வைப்பது பழைய வழி, இன்றும் சரியான வழி.

கிரைண்டர் டிஸ்க்குக்கும் ஈரம் ஆகாது. நல்ல டிஸ்க்கின் நடுவில் உள்ள இரும்பு வளையத்தில் காலாவதி மாதம் இருக்கும், பார்த்து வாங்குங்கள். நாலு அங்குல மெஷினில் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றிவிட்டு ஐந்து அங்குல டிஸ்க் மாட்டுவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை: செய்யாதீர்கள்.

கம்ப்ரஸர்: காற்று இங்கே மெலிசு

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் முக்கால் பங்கு சொச்சம்தான். அதனால் கம்ப்ரஸர் ஒவ்வொரு சுற்றிலும் உள்ளிழுக்கும் காற்றின் எடை குறைவு. 7 பார் ஏற்ற, சென்னையில் காற்றை எட்டு மடங்கு அழுத்தினால் போதும், இங்கே பத்து மடங்கு அழுத்த வேண்டும். டேங்க் நிரம்ப நேரமாகும், ஹெட் அதிகம் சூடாகும். கேட்டலாகில் போட்டிருக்கும் சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று) பெரும்பாலும் பிஸ்டன் அளவைக் கணக்கிட்டது. வெளியே வருவது அதைவிடக் குறைவு, மலையில் இன்னும் குறைவு. 2 எச்.பி. மெஷினோடு, மணல் பீய்ச்சித் துரு எடுக்கும் சாண்ட் பிளாஸ்டிங் துப்பாக்கியும் வாங்குவது வீண் செலவு, அரை நிமிடம் அடித்துவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பீர்கள். ஆற்று மணல் போட்டு அடிப்பது அதைவிட மோசம், அந்தச் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும்.

டேங்க் அடியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்துவிட வேண்டும். ஜூன் முதல் கூடலூர், ஊட்டிப் பக்கமும், அக்டோபர் முதல் குன்னூர், கோத்தகிரிப் பக்கமும் சேரும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள். காற்றிலுள்ள ஈரத்தைப் பிடிக்கும் மாய்ஸ்சர் டிராப்பை கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டினால் சூடான காற்றில் நீராவி அப்படியே கடந்து போகும். ஐந்து மீட்டர் பைப்பில் ஆறிய பிறகு, பெயின்ட் துப்பாக்கிக்குப் பக்கமாக மாட்ட வேண்டும். இல்லையென்றால் பெயின்டில் குழி குழியாக விழும். பெயின்ட் அடிக்க மூடுபனி இல்லாத நாளில் காலை பதினொன்றிலிருந்து இரண்டு மணி வரைதான் நேரம். ஈரக் காற்றில் என்.சி. (நைட்ரோ செல்லுலோஸ்) பெயின்ட் வெள்ளை பூத்துப் போகும், குளிரில் இரண்டு பொருள் கலக்கும் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயின்ட் நாள் கணக்கில் இறுகாது.

சேஸிஸை மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பி பிளாஸ்ட் செய்து வாங்குவது சொந்தத் துப்பாக்கியைவிட மலிவு. ஆனால் வெறும் இரும்பாக மலையேற்றாதீர்கள். குன்னூர் மூடுபனிக்குள் வண்டி நுழையும்போதே செம்பழுப்பு பூக்கத் தொடங்கிவிடும். கீழேயே பிரைமர் அடித்து, அது காய்ந்த பிறகு ஏற்றுங்கள்.