பள்ளிக்கூடச் சாப்பாடு: எங்கே பிழை விடுகிறோம்?

ஒரு நாள் புட்டும் உருளைக்கிழங்குப் பிரட்டலும், அடுத்த நாள் இடியப்பமும் சொதியும், அதற்கடுத்த நாள் பாணும் மாஜரினும். பிள்ளையின் வயிறு நிறையும். ஆனால் மூன்றிலும் இருப்பது பெரும்பாலும் மாச்சத்தும் கொழுப்பும்தான். வளருகிற உடம்புக்கு வேண்டிய புரதமும் இரும்புச்சத்தும் மிகக் குறைவு. யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் திருத்த வேண்டியது இதைத்தான். அதற்காகப் புட்டை விடத் தேவையில்லை. குழைத்த மாவோடு ஒரு பிடி முருங்கையிலை கலந்து நீத்துப்பெட்டியில் அவியுங்கள். உருளைக்கிழங்குக்குப் பதிலாக ஒரு முட்டையோ, அவித்த பயறோ கௌபியோ, நெத்தலிப் பிரட்டலோ வையுங்கள். நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். நெத்தலிக் கருவாடென்றால் சுடுநீரில் ஊறவிட்டு இரண்டு தரம் கழுவி உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பாடசாலைக்குச் சமைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது பருப்புச் சட்டியை. ஒரு பிள்ளைக்கு உலர்ந்த மைசூர்ப் பருப்பு 30 கிராம் போட்டால் ஏறக்குறைய 7 கிராம் புரதம் கிடைக்கும், ஒரு முட்டையில் இருப்பதைவிடச் சற்றுக் கூட. ஐம்பது பிள்ளைகளுக்கு ஒன்றரைக் கிலோ வேண்டும். அரைக் கிலோவைப் போட்டுத் தண்ணீரைக் கூட்டினால் சட்டி நிறைந்துதான் தெரியும், ஆனால் பிள்ளையின் கோப்பைக்குப் போவது 2 கிராம் புரதத்துக்குச் சற்று மேல். பருப்பின் அளவுக்கு மூன்று மடங்கு தண்ணீர் வைத்து அவித்தால் போதும். பரிமாறும்போதும் ஒரு பிழை நடக்கிறது. பருப்பு அடியில் தங்கிவிடுவதால் முதலில் வருபவருக்குத் தண்ணியும் கடைசிப் பிள்ளைக்குக் கட்டியும் போகும். ஒவ்வொரு தரமும் அகப்பையை அடிவரை விட்டுக் கலக்கி அள்ளுங்கள்.

விலை இடிக்கும் நாட்களில் சோயாமீற் நல்ல கைகொடுப்பு; அதன் எடையில் ஏறக்குறைய பாதி புரதம். பக்கற்றோடு வரும் சுவைத்தூளை மட்டும் தவிருங்கள், அதில் உப்பு மிக அதிகம்.

கீரையை வெட்டிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும். முழு இலையாகக் கழுவி, பிறகு அரிந்து, தேங்காய்ப்பூவோடு சில நிமிடங்களில் வறையாக இறக்குங்கள். தேசிக்காய்ப் புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே விட வேண்டும். அதிலுள்ள விற்றமின் சி சூட்டில் குறைந்துவிடும். அந்த விற்றமின் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவுகிறது. தேத்தண்ணி இதற்கு நேர் எதிர். விடியச் சாப்பாட்டோடு பிளேன்ரீ கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தேயிலையிலுள்ள தனின் இரும்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்கள். பாடசாலையில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் தண்ணீரோடுதான் விழுங்க வேண்டும்.

விடிய ஐந்து மணிக்குச் சமைத்ததை ஆவி பறக்கப் பெட்டிக்குள் போட்டு மூடுவது ஆபத்தான பழக்கம். மூடியில் நீர் கோத்துச் சோற்றில் சொட்டும், சூடும் மெல்லத்தான் இறங்கும். சமைத்தும் சாகாத சில கிருமி வித்துகள் அந்த இளஞ்சூட்டில் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு பிறகு சூடாக்கினாலும் அழியாது. சோற்றையோ புட்டையோ தட்டில் பரப்பி, விசிறிக் காற்றில் ஆறவிட்டு, ஈரமில்லாத பெட்டியில் போடுங்கள். பத்தரை மணி இடைவேளைவரை தாங்க வேண்டுமென்றால் சொதி, பாற்கறி, பச்சைத் தேங்காய்ச் சம்பல் வேண்டாம். வறை, பிரட்டல், அவித்த கடலை நல்லது.

கையில் காசு கொடுத்தனுப்பினால் அது றோல்ஸ், மிதிவெடி போன்ற பொரித்த தின்பண்டங்களுக்கும் இனிப்புப் பானத்துக்கும்தான் போகும். பானப் போத்தலில் சிவப்பு வட்டம் இருந்தால் சீனி கூட என்று அர்த்தம். பிள்ளைக்கே அதைப் பார்க்கப் பழக்குங்கள். காசுக்குப் பதிலாக ஒரு கொய்யாப்பழமோ, 30 கிராம் வறுத்த கச்சானோ கொடுத்துவிடலாம், கச்சான் ஒவ்வாமை இல்லாத பிள்ளையென்றால். கறுத்த, கசக்கிற, பூஞ்சணம் பிடித்த கச்சான் பருப்புகளைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சண நஞ்சு கழுவினாலோ திரும்ப வறுத்தாலோ முற்றாகப் போகாது.