ஊதா ஏன் சேறாகிறது? வாட்டர்கலரில் நிறம் கலக்கத் தொடங்குபவர்களுக்கு

சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா. பள்ளியில் படித்த இதை நம்பிக் கலந்து பார்த்தால், கத்தரிக்காய் நிறம் வர வேண்டிய இடத்தில் சேற்று நிறம் வந்து நிற்கும். தனக்குக் கை வராது என்று பலர் பிரஷைக் கீழே வைப்பது இந்த இடத்தில்தான். கையில் குறையில்லை. எடுத்த சிவப்பும் நீலமும் பொருந்தாதவை, அவ்வளவுதான்.

ட்யூபில் வரும் எந்த நிறமும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். ஸ்கார்லெட் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு, கிரிம்சன் நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பு. அல்ட்ராமரின் என்ற நீலத்தில் சிவப்புச் சாயல் உண்டு, பிரஷ்யன் புளூவில் பச்சைச் சாயல். ஸ்கார்லெட்டோடு பிரஷ்யன் புளூவைக் கலந்தால், இரண்டு பக்கமிருந்தும் மஞ்சள் நுழைந்துவிடுகிறது. சிவப்பு, நீலம், மஞ்சள் மூன்றும் ஒன்றுகூடினால் பழுப்புதான். கிரிம்சனோடு அல்ட்ராமரினைக் கலந்து பாருங்கள், ஊதா தெளிவாக வரும்.

அதனால் பெரிய பெட்டி வேண்டாம். லெமன் யெல்லோ, டீப் யெல்லோ, ஸ்கார்லெட், கிரிம்சன், அல்ட்ராமரின், பிரஷ்யன் புளூ, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு) என்று ஏழு ட்யூப் போதும். வெள்ளையையும் கறுப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். வாட்டர்கலரில் வெள்ளை என்பது வண்ணம் படாமல் விட்ட காகிதம். வெள்ளை பெயின்ட்டைக் கலந்தால் நிறம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கும். ட்யூபின் மேல் பொடி எழுத்தில் நிறமிக் குறியீடு இருக்கும். அல்ட்ராமரினுக்கு பிபி 29 (PB29). ஒரே குறியீடு உள்ளதை எடுங்கள். இரண்டு மூன்று குறியீடு இருந்தால் அது ஏற்கெனவே கலவை, மேலும் கலக்கும்போது சீக்கிரம் கலங்கிவிடும். கிரிம்சனில் பிஆர் 83 (PR83) என்று இருந்தால் வெயில் பட்டு வெளுக்கும். சுவரில் மாட்டும் படத்துக்கு பிவி 19 (PV19) என்று போட்ட ரோஸ் நல்லது.

ரவுண்ட் பிரஷ் எண் 10, எண் 4 என இரண்டு. கலக்க வெள்ளைப் பீங்கான் தட்டு (பிறகு அதில் சாப்பிடக் கூடாது). பிரஷ் கழுவ ஒரு டம்ளர், சுத்தமான நீருக்கு இன்னொன்று. ஈரம் ஒற்ற பழைய வேட்டித் துணி. பணம் போடுவதானால் காகிதத்தில் போடுங்கள்: 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்), கோல்ட் பிரஸ் (லேசான சொரசொரப்புள்ள காகிதம்). மெல்லிய டிராயிங் ஷீட் நனைந்ததும் அலையலையாக எழும்பும், பள்ளத்தில் வண்ணம் தேங்கும், இரண்டாம் முறை தேய்த்தால் நார் உரியும்.

முதல் நாள் படம் வரைய வேண்டாம். பென்சிலால் 12 கட்டம் போடுங்கள். இரண்டு மஞ்சளை இரண்டு நீலத்தோடு கலந்தால் நான்கு பச்சை. அதேபோல் நான்கு ஆரஞ்சு, நான்கு ஊதா. எதில் எது கலந்தது என்று கட்டத்தின் கீழேயே எழுதிவையுங்கள். மிளகளவு பெயின்ட் போதும். எப்போதும் வெளிர் நிறத்தை முதலில் தட்டில் கரைத்து, அடர் நிறத்தை பிரஷ் நுனியால் தொட்டுத் தொட்டுச் சேர்க்க வேண்டும். பிரஷ்யன் புளூவை முதலில் கரைத்துவிட்டால், அதைப் பச்சையாக்கப் பாதி ட்யூப் மஞ்சள் போய்விடும்.

தண்ணீர்க் கணக்கு: முதல் பூச்சு நீர்மோர் பதம், அடுத்தது பால், கடைசி அழுத்தத்துக்கு மட்டும் தயிர். காய்ந்ததும் நிறம் ஒரு படி வெளிறும். ஈரத்தில் சரியாகத் தெரிந்தால் காய்ந்த பின் குறைவாகத்தான் இருக்கும், கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.

இனி வரைவதற்கு ஒரு வாழையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். இலை முழுக்க லெமன் யெல்லோவை நீர்மோர் பதத்தில் பூசி, நன்றாகக் காய விடுங்கள். குருத்திலைக்கு லெமன் யெல்லோவில் பிரஷ்யன் புளூ ஒரு துளி. முற்றிய இலைக்கு டீப் யெல்லோவும் அல்ட்ராமரினும். பச்சை தானாகவே அடங்கி வரும். நடு நரம்பை விட்டு இருபுறமும் பூசினால் அடியில் இருக்கும் மஞ்சளே நரம்பாகிவிடும். நிழல் விழும் பக்கத்துக்குக் கறுப்பு வேண்டாம், அதே பச்சையில் துளி கிரிம்சன் சேருங்கள். ஓரத்துச் சருகுக்கு பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் டீப் யெல்லோ. பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரினும் சேர்ந்தால் சாம்பல்: நீலம் கூடினால் மழைமேகம், பழுப்பு கூடினால் நனைந்த மரப்பட்டை, இரண்டையும் கெட்டியாகக் கலந்தால் கிட்டத்தட்டக் கறுப்பு.

பூசிய இடத்தில் காலிஃபிளவர் போல் திட்டு விரிந்தால், பாதி காய்ந்த பரப்பில் நீர் மிகுந்த பிரஷ் பட்டிருக்கிறது. பளபளப்பு போய், விரலின் பின்புறத்தை வைத்தால் குளிர்ச்சி தெரிகிற நேரம்தான் ஆபத்தானது; அப்போது கை வைக்காதீர்கள். மழைக்காலத்தில் இந்த நேரம் நீளும். கோடையில் மின்விசிறிக்கு அடியில் இதற்கு நேர்மாறு: பாதி பூசுவதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். விசிறியை நிறுத்தி, காகிதத்தை முதலில் வெறும் நீரால் நனைத்துக்கொள்ளுங்கள்.

முடித்ததும் பிரஷைக் கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்க வையுங்கள். டம்ளரில் நிற்க வைத்தால் நுனி வளைந்துவிடும். தட்டைக் கழுவ வேண்டாம். காய்ந்த வண்ணம் மறுநாள் தண்ணீர் பட்டதும் கரையும்.