ஃபிரிட்ஜ் சத்தத்தில் தொடங்கிய சிந்த் பாடம்

நண்பன் ஒருவன் குறும்படம் எடுத்தான். சமையலறையில் இரண்டு பேர் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னால் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இரைந்துகொண்டே இருக்க வேண்டும். நிஜ ஃபிரிட்ஜைப் பதிவு செய்தால் மின்விசிறியும் பக்கத்து வீட்டு நாயும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டன. "உன்கிட்டதான் சிந்த் இருக்கே, செஞ்சு குடுடா" என்றான். சிந்த் என்றால் சிந்தசைசர், மின் அலைகளிலிருந்து ஒலியை உருவாக்கும் கருவி அல்லது மென்பொருள்.

என்னிடம் இருந்தவை ப்ரீசெட்கள்தான், அதாவது யாரோ முன்பே அமைத்து வைத்த ஒலிகள், நூற்றுக்கணக்கில். இரவு இரண்டு மணி வரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். விண்கலம் கிடைத்தது, பேய்வீடு கிடைத்தது, ஃபிரிட்ஜ் மட்டும் கிடைக்கவில்லை. அதன்பிறகுதான் பிரௌசரிலேயே ஓடும் ஓர் இலவச சிந்த்தைத் திறந்து, வெறும் ஓர் அலையிலிருந்து தொடங்கினேன்.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். ஏபிள்டன் நிறுவனத்தின் 'லேர்னிங் சிந்த்ஸ்' தளம் இதற்கு நல்ல இடம். எதையும் நிறுவ வேண்டாம், காசும் இல்லை. வேறு எந்தச் சிந்த்தை எடுத்தாலும் பகுதிகளின் பெயர்கள் பெரும்பாலும் இங்கே உள்ளவைதான். 1970இல் வந்த மினிமூக் என்ற சிந்த்தில் இருந்த ஆசிலேட்டர், ஃபில்டர், என்வலப் வரிசையைத்தான் இன்றும் திரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோன் கம்பியுள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் விசையை அழுத்தியபின் ஒலி தாமதமாக வரும், எரிச்சலாக இருக்கும். சத்தத்தைப் பாதி அளவுக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பக்கம் திறந்தும் ஒலி வரவில்லையென்றால் எங்காவது ஒருமுறை கிளிக் செய்யுங்கள். நீங்கள் தொடாமல் ஒலி எழுப்ப பிரௌசர்கள் பொதுவாக விடுவதில்லை.

முதலில் ஆசிலேட்டர், அலையை உண்டாக்கும் பகுதி. சைன் அலையை வைத்தால் 'ஊ' என்று வழவழப்பாக ஒன்று கேட்கும். அதில் ஒரே ஓர் அதிர்வெண்தான். சா அலைக்கு, அதாவது ரம்பப் பல் அலைக்கு, மாற்றினால் காதருகே வண்டு வந்த மாதிரி ஆகிவிடும். 110 ஹெர்ட்ஸில் சா அலை வாசித்தால் 220, 330, 440 என்று மடங்குகள் எல்லாம் உள்ளே இருக்கும், மேலே போகப்போக மெலிந்துகொண்டே. சதுர அலையில் ஒற்றைப்படை மடங்குகள் மட்டும்: 330, 550, 770. அதனால்தான் அது உள்ளே குடைந்ததுபோல, மூங்கில் குழாய்க்குள் ஊதியதுபோலக் கேட்கிறது. முக்கோண அலையிலும் ஒற்றைப்படைதான், ஆனால் மேல் மடங்குகள் மிக வேகமாக மெலிந்துவிடும். செதுக்கப் பழக சா அலையே சிறந்தது. எல்லாம் இருந்தால்தானே எதையாவது எடுக்க முடியும்?

எடுக்கும் வேலை ஃபில்டருடையது. இதைப் புரிந்துகொள்ள சிந்த் கூட வேண்டாம், வாய் போதும். ஒரே சுருதியில் 'ஊ' என்று பிடித்துக்கொண்டு மெல்ல 'ஆ'வுக்கு வாயைத் திறந்து பாருங்கள். தொண்டையில் பிறக்கும் ஒலி மாறவில்லை, வாயின் வடிவம்தான் மாறியது. இப்போது லோ-பாஸ் ஃபில்டரின் கட்ஆஃப் குமிழைக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். கிட்டத்தட்ட அதே 'ஊ...ஆ' கேட்கும். கட்ஆஃப் எந்த எண்ணில் நிற்கிறதோ அதற்கு மேலுள்ளவை மங்கும், அவ்வளவுதான். ரெசொனன்ஸை ஏற்றினால் அந்த எல்லையில் உள்ள அதிர்வெண்கள் தடித்துக்கொள்ளும். ரொம்ப ஏற்றினால் சில ஃபில்டர்கள் தாமே கீச்சிடும். நான் முழுச் சத்தத்தில் ஹெட்ஃபோனோடு அதைச் செய்தேன். அரை மணி நேரம் காதுக்குள் 'ங்ங்' என்றிருந்தது. சத்தத்தைக் குறைக்கச் சொன்னது இதற்குத்தான்.

அடுத்தது என்வலப், ஒலி ஏறி இறங்கும் வடிவம். ஒலி எந்தக் கருவியுடையது என்று காது தீர்மானிப்பது அலையை வைத்து மட்டுமல்ல, அது தொடங்கி முடியும் விதத்தை வைத்தும்தான். பெரும்பாலானோர் இதை அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். 'டக்', 'டங்ங்ங்', 'உய்ய்ய்' என்று சொல்லிப் பாருங்கள், அந்த மூன்றும் மூன்று என்வலப்கள். அட்டாக் என்பது ஒலி உச்சத்துக்கு ஏறும் நேரம். டிகே, அங்கிருந்து இறங்கும் நேரம். சஸ்டெய்ன் மட்டும் நேரமே அல்ல, விசையை அழுத்தியிருக்கும்வரை நிற்கும் அளவு. ரிலீஸ், கையை எடுத்தபின் அடங்கும் நேரம். 'டக்' வேண்டுமா? அட்டாக் 0, டிகே 80 மில்லிசெகண்ட், சஸ்டெய்ன் 0. அதே டிகேயை 2 நொடிக்கு நீட்டி, சைனுக்கு மாற்றுங்கள், 'டங்ங்ங்' வந்துவிடும். அட்டாக்கை ஒரு நொடியாக்கி, சஸ்டெய்னை முழுதாக ஏற்றினால் 'உய்ய்ய்'. ஒரு பிற்பகல் முழுக்க இந்த நான்கையும் மட்டுமே நகர்த்திக்கொண்டிருந்தாலும் வீண் இல்லை.

எல்எஃப்ஓ என்பது காதுக்கு எட்டாத மெதுவான அலை. குமிழைப் பிடித்து ஆட்டும் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதியில் மாட்டி நொடிக்கு 5 முறை லேசாக ஆட்டினால் பாடகர் குரல் நடுங்குவதுபோல இருக்கும். வேகத்தைக் குறைத்து ஆட்டத்தைப் பெரிதாக்கினால் சைரன்.

சரி, ஃபிரிட்ஜுக்கு வருவோம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடும் இடங்களில் இந்த இரைச்சலில் 100 ஹெர்ட்ஸ்தான் தூக்கலாகக் கேட்கும். விசைப்பலகையில் அந்த எண் சரியாக இல்லை. கிட்டத்தில் இருப்பது ஜி2 என்ற சுரம், 98 ஹெர்ட்ஸ். அதை வாசித்து, சுருதியை நுணுக்கமாக நகர்த்தும் ஃபைன் ட்யூனை 35 சென்ட் ஏற்றினேன் (அடுத்தடுத்த இரு விசைகளுக்கு இடையே 100 சென்ட்), 100 ஹெர்ட்ஸ் வந்தது. ஒரு சா மட்டும் வைத்தபோது பொம்மை ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தது. இரண்டாவது சாவைச் சேர்த்து, அதை மட்டும் இன்னும் 7 சென்ட் தள்ளினேன். இரண்டும் உரசி இரண்டரை நொடிக்கு ஒருமுறை அலை மேலெழும்பித் தாழ்ந்தது. நிஜ ஃபிரிட்ஜ் மூச்சு விடுவது அப்படித்தான். (இதையே இரண்டு ஆக்டேவ், அதாவது இரண்டு ஸ்தாயி, மேலே வாசித்தால் அந்த ஏற்றத்தாழ்வு நான்கு மடங்கு வேகமாகிவிடும், கவனித்துப் பாருங்கள்.) கட்ஆஃப் 400 ஹெர்ட்ஸ். கொஞ்சமே கொஞ்சம் நாய்ஸ், அதாவது சுருதியில்லாத 'ஸ்ஸ்' இரைச்சல், உள்ளே காற்று ஓடுவதற்கு.

இடையில் ஒலியே வராமல் பத்து நிமிடம் போனது. சிந்த் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். கட்ஆஃப் அடியில் கிடந்திருக்கிறது. உங்களுக்கும் இப்படி ஆகும். அப்போது பார்க்க வேண்டியவை இரண்டு: கட்ஆஃப், சஸ்டெய்ன். இன்னொன்று, கீழ்ச்சுருதி ஒலிகளை லேப்டாப் ஸ்பீக்கரில் வைத்துத் தீர்மானிக்காதீர்கள். சின்ன ஸ்பீக்கர் அடிப்பகுதியைச் சரியாகத் தராது. நீங்கள் ஏற்றிக்கொண்டே போவீர்கள்.

ஒரு நேரத்தில் ஒரு குமிழ் மட்டும். இரண்டைச் சேர்த்து நகர்த்தினால் எது என்ன செய்தது என்று தெரியாது. பிரௌசர் சிந்த்களில் பக்கத்தை மூடினால் அமைப்பு போய்விடக்கூடும், அதனால் நான் நோட்டில் எழுதிவிடுகிறேன். முதல் பக்கத்தில் இன்னும் இருக்கிறது: "ஃபிரிட்ஜ். சா இரண்டு, ஜி2, +35, +42. கட்ஆஃப் 400. நாய்ஸ் துளி. அட்டாக் 1 நொடி. நிற்கும்போது ரிலீஸ் 0, ஃபிரிட்ஜ் சட்டென்றுதான் நிற்கும்."