நேர்த்தையலில் வளைவு காட்டும் 'லாக் கேபின்' குயில்ட்

துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குயில்ட்டுக்காக அமெரிக்காவில் 1860களில் பரவலாகத் தைக்கப்பட்ட 'லாக் கேபின்' (மரக்கட்டை வீடு) என்னும் சதுரக் கட்டத்தில், வீட்டின் கணப்படுப்பைக் குறிப்பதாகச் சொல்லப்படும் சிவப்புச் சதுரத்தைச் சுற்றி, அடுத்தடுத்த இரு பக்கங்களில் வெளிர்நிறத் துணிப்பட்டைகளும் மற்ற இரண்டில் அடர்நிறப் பட்டைகளும் அமையும். வெளிர் பட்டைகளை 1 அங்குல அகலத்திலும் அடர் பட்டைகளை 1½ அங்குல அகலத்திலும் வெட்டி, ¼ அங்குலம் உள்ளே தள்ளித் தைத்தால், சதுரம் மையத்திலிருந்து விலகி, கட்டங்களைச் சேர்க்கும்போது நேர்த்தையலிலேயே வளைவுகள் தோன்றும். இக்கால குயில்ட்களில் நான் மிகவும் விரும்பும் மாற்றம் இதுவே. ஒவ்வொரு பட்டையையும் தைத்தவுடன் தையல் விளிம்பை வெளிப்புறமாக மடித்து இஸ்திரி போடுவது அவசியம், ஏனெனில் சிறு பிசகும் சுற்றுக்குச் சுற்று பெருகிக் கட்டத்தைக் கோணலாக்கிவிடும். வெட்டுவதற்கு முன் துணிகளைக் கைபேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தால், அவற்றின் நிற அடர்த்தி வேறுபாடு போதுமா என்பது உடனே விளங்கும்.