போர் வீடியோ வந்தால், அனுப்பும் முன்

இலங்கை மலையகத்தில் ஹட்டனோ பண்டாரவளையோ, எந்தத் தேயிலைத் தோட்டத்திலும் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே குண்டு விழுந்ததாக ஒரு வீடியோ வந்தால் வாட்ஸ்அப் குழுவே பதறிவிடும்.

முதலில் அதன் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது. அனுப்பிய மாமாவுக்கும் மூலம் தெரியாது. அப்புறம் கட்டடமோ பெயர்ப்பலகையோ தெளிவாகத் தெரியும் இடத்தில் வீடியோவை நிறுத்தி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்தே தேடித்தரும் கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே காட்சி வருடங்களுக்கு முன்பே வந்திருந்தால் கதை முடிந்தது. 2023இல் காஸா என்று சுற்றியவற்றில் சிரியாவின் பழைய காட்சிகளும் இருந்தன. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டின் காட்சிகள் உக்ரைன் போராக ஓடி, அதைத் தயாரித்த நிறுவனமே 2022இல் விளக்கம் கொடுத்தது. லென்ஸில் எதுவும் கிடைக்கவில்லையா? அது உண்மை என்பதற்குச் சான்றாகாது, சும்மா வைத்திருங்கள்.

நம் தரப்புக்கு எதிரானதைத்தான் நாம் துருவித் துருவிப் பார்ப்போம். தலைகீழாகச் செய்யுங்கள்: 'பார்த்தாயா, அப்பவே சொன்னேனே' என்று சொல்ல வைப்பதை முதலில் சோதியுங்கள். ஒரு தரப்பின் துயரம் உண்மை என்பதால் அதன் பெயரில் வரும் எல்லா வீடியோவும் உண்மையாகிவிடாது. 2018 மார்ச்சில் கண்டி, திகன பக்கம் வன்முறை வெடித்தபோது, வதந்தியும் வெறுப்பும் பரவாமலிருக்க அரசு ஃபேஸ்புக்கையும் வாட்ஸ்அப்பையும் முடக்கியது நினைவிருக்கும்.

பொய் என்று தெரிந்தால் மாமாவிடம் தனியாகச் சொல்லுங்கள். குழுவில் எல்லோர் முன்னும் சொன்னால், வீம்புக்கு இன்னும் இரண்டு அனுப்புவார்.